மாடித் தொட்டியில் கேட்ட குரல்

என் பெயர் எழில். வயது முப்பத்தொன்று. தந்தை பெயர் இருசப்பன். திருவண்ணாமலை வட்டம், வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்புறம் உள்ள புது மனைப்பிரிவில், சாந்த் பாஷா என்பவருக்குச் சொந்தமான வீட்டின் முதல் மாடியில் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். எலெக்ட்ரானிக்சில் டிப்ளமோ முடித்திருக்கிறேன். இன்வர்ட்டர், ஸ்டெபிலைசர் பழுது பார்க்கும் வேலை செய்கிறேன். மனைவி பெயர் சிந்துஜா. கடந்த மே மாதம் கொரோனாவில் இறந்துவிட்டாள். குழந்தை இல்லை.

என் மைத்துனர் ராஜா கொடுத்த புகார் மனு எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. இறந்துவிட்டதாக நான் சொன்ன தன் அக்கா உயிருடன் இருப்பதாகவும், அவளை நான் மொட்டை மாடியில் அடைத்து வைத்திருப்பதாகவும், கேட்கப்போன தன்னைப் பிடித்துத் தள்ளிக் காயப்படுத்தியதாகவும் அதில் எழுதியிருக்கிறது. தள்ளியது உண்மை. மற்றது உண்மையல்ல.

மாடியிலிருந்து எடுத்து வந்த வெள்ளை பிளாஸ்டிக் பெட்டி இப்போது நிலையத்தில் எழுத்தர் மேஜை மீது இருக்கிறது. அதில் ஒரு சிவப்பு பட்டன் உண்டு. அதை அமுக்கினால் உள்ளே இருக்கும் என் மனைவியின் குரல் அழிந்துவிடும். ஆகவே யாரும் அதைத் தொடக் கூடாது என்பதை முதலில் எழுதச் சொன்னேன். உதவி ஆய்வாளர் அய்யா, எல்லாம் நடந்த வரிசையில்தான் வர வேண்டும், அது வரும் இடத்தில் எழுதிக்கொள்ளலாம் என்றார். அதன்படி வரிசையாகச் சொல்கிறேன்.

எனக்கும் சிந்துஜாவுக்கும் 2019ஆம் வருடம் ஆவணி மாதம் திருமணம் நடந்தது. அவள் ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு கிராமம். தகப்பனார் இல்லை. தாயார் சந்திரம்மாளும் தம்பி ராஜாவும் நெல்லும் மணிலாக்கொட்டையும் பயிர் செய்கிறார்கள். திருமணத்துக்குப் பிறகு வேங்கிக்காலில் தனிக்குடித்தனம் வந்தோம். கீழ்த்தளத்தில் சாந்த் பாஷா பாயும் அவர் மனைவி பீபி ஜான் அக்காவும் இருக்கிறார்கள். எங்களுக்குள் எந்தப் பிரச்சினையும் இருந்ததில்லை. சிந்துஜாவுக்கும் எனக்கும் பெரிய சண்டை வந்ததில்லை. அய்யா கேட்டதால் சொல்கிறேன், அவளை நான் அடித்ததில்லை.

அதன் பிறகு 2020 மார்ச்சில் முதல் ஊரடங்கு வந்தது. நான் வேலை பார்த்த கடையை மூடிவிட்டார்கள். எல்லோரும் வீட்டிலேயே இருந்தோம். எங்கள் வீட்டு மோட்டார் இரண்டு குடும்பத்துக்கும் பொது. ஸ்விட்ச் மாடிப்படிக்கு அடியில் உள்ளது, தொட்டி மொட்டை மாடியில் உள்ளது. கை கழுவுவது, பால் வாங்கி வந்தால்கூடக் குளிப்பது, நகராட்சி வண்டியில் வாங்கிய காய்கறியை உப்புத் தண்ணீரில் அலசுவது என்று தண்ணீர்ச் செலவு ஜாஸ்தியானது. மோட்டாரைப் போட்டவர் மறந்துவிடுவார். தொட்டி வழிந்து பக்கத்து வீட்டார் காயவைத்த வடகத்தின் மேல் கொட்டியது. அதில் இரண்டு மூன்று முறை வாய்ச்சண்டை ஏற்பட்டது.

சிந்துஜாவுக்கு வீட்டுக்குள்ளேயே இருக்கப் பிடிக்காது. காலையும் சாயங்காலமும் மொட்டை மாடியில் நடப்பாள். அங்கிருந்து பார்த்தால் மலை முழுவதும் தெரியும். கிரிவலப் பாதையை அடைத்துவிட்டதால் பௌர்ணமி அன்று தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வந்தாள். பீபி ஜான் அக்கா கீழே இருந்து, மலையைச் சுற்ற விடவில்லையென்றால் சின்டெக்ஸைச் சுற்றுவாயா என்று கேட்டுச் சிரித்தார். மலை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது, கணக்கில் வைத்துக்கொள்ளும் என்று இவள் சொன்னாள். அப்படி நடக்கும்போது தொட்டி நிரம்பினால் மேலேயிருந்து எனக்குக் குரல் கொடுப்பாள். நான் இறங்கிப் போய் மோட்டாரை நிறுத்துவேன்.

அப்படிக் கத்திக் கத்தி அவள் தொண்டை கட்டிக்கொண்டது. தொட்டி நிரம்பினால் தானாகப் பேசும் பெட்டி கடையில் கிடைக்கும். அதில் யாரோ ஒரு அம்மா புத்தகத்தில் எழுதியது மாதிரி பேசுவார். ஊரடங்கில் கடை இல்லாததால் நானே ஒன்று செய்தேன். என்னிடம் குரல் பதியும் சிப் ஒன்று இருந்தது. அதில் பத்து வினாடிதான் பதிய முடியும். தொட்டியின் வாயருகே இரண்டு ஒயர் முனைகள் தொங்கும், தண்ணீர் இரண்டையும் தொட்டால் பெட்டி ஒரு தடவை பேசும். பேட்டரியைக் கழற்றினாலும் குரல் போகாது. சிவப்பு பட்டனை அமுக்கினால் மட்டும் பழையது போய், அந்த நேரத்தில் அங்கே கேட்கும் சத்தம் பதிவாகும்.

சிந்துஜாவைப் பேசச் சொன்னேன். தன் தொண்டையே போதும், மிசினுக்கு வேறு தண்டச் செலவு எதற்கு என்றாள். பிறகு வந்தாள். நான் சிவப்பு பட்டனை அமுக்கிப் பிடித்தேன். சொல்ல வேண்டியதை அவள் பாதி நேரத்திலேயே சொல்லிவிட்டாள். நான் கையை எடுக்காததால் என் முகத்தைப் பார்த்தாள். அதில் பதிவானது முழுவதும் இதுதான்:

"ஏங்க, தண்ணி ரொம்பிடுச்சி, மோட்டார நிறுத்துங்க. போதுமா? இன்னும் பேசணு…"

அதோடு இடம் முடிந்துவிட்டது. திருத்தமாக மறுபடி பதியலாம் என்றேன். இதுவே இருக்கட்டும் என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அதன் பிறகு தொட்டி வழியவில்லை. முதலில் குரங்குகள் அந்தக் குரலுக்குப் பயந்து ஓடின, சில நாளில் பழகிவிட்டன. மோட்டார் போடுவது பெரும்பாலும் பாய்தான். மேலே "ஏங்க" என்று கேட்டதும் பாய் கீழே இருந்து "இதோ வந்துட்டேம்மா" என்று பதில் சொல்லிவிட்டு ஸ்விட்சை அணைப்பார். பீபி ஜான் அக்கா, "நான் கூப்டா காது கேக்காது, மிசினு கூப்டா ஓடறாரு" என்பார். ஒரு வருடத்துக்கு மேல் இப்படி நடந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்று அய்யா கேட்டார். பெட்டி மாடியில் இருப்பது கீழ் வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன். என் மாமியாருக்குத் தெரியாது. ஊரடங்கு வந்த பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நாங்கள்தான் இடையில் பொங்கலுக்குப் போய் வந்தோம். பெட்டியைப் பற்றி அங்கே பேச்சு வரவில்லை.

அதன் பிறகு இந்த வருடம் மே மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. எனக்கு இறங்கியபோது அவளுக்கு ஆரம்பித்தது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் காலை அவளுக்கு எண் மிகவும் கம்மியாகக் காட்டியது. கருவி கெட்டிருக்கலாம் என்று என் விரலில் மாட்டிப் பார்த்தேன். கருவி சரியாகத்தான் இருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. என்னை உடன் ஏற்றவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவள் ஏறினாள். செல்போனை எடுத்துக்கொண்டு போனாள். முதல் இரண்டு நாள் அதிலிருந்து மெசேஜ் வந்தது, எல்லாம் எழுத்தாக. பேச மூச்சு போதவில்லை என்று எழுதியிருந்தாள். பிறகு வரவில்லை. அதற்கு மறுநாள் விடியற்காலை இறந்துவிட்டதாக எனக்குப் போன் வந்தது. அவளுடைய செல்போன் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. அதற்காக நான் யார் மீதும் புகார் கொடுக்கவில்லை.

உடலைக் கட்டி நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். எனக்கும் தலை முதல் கால் வரை மூடும் உடுப்பும் முகத்துக்குக் கண்ணாடி மறைப்பும் கொடுத்தார்கள். பணியாளர் ஒருவர் என்னைக் கிட்டே கூப்பிட்டு, சீக்கிரம் பாத்துக்கப்பா என்று சொல்லி, முகத்துப் பக்கம் ஜிப்பை இறக்கினார். என் மூச்சுக்காற்று பட்டு முகக் கண்ணாடி உள்பக்கமாகப் பூத்துப்போயிருந்தது. உள்ளே கைவிட்டுத் துடைக்க முடியாது. மூச்சை அடக்கினால் தெளியும் என்று அடக்கிப் பார்த்தேன். தெளிவதற்குள் மூடிவிட்டார்கள். உடல் மேல் கட்டியிருந்த சீட்டில் பெயரும் வயதும் ஊரும் சரியாக இருந்தன. மறுநாள் சாம்பலை வாங்கிக்கொண்டேன்.

சுடுகாட்டுக்குப் போன அன்றே மாமியார் வீட்டுக்குப் போன் செய்தேன். ராஜாவுக்கும் அவருக்கும் காய்ச்சல் கண்டு, அவர்கள் தெருவையே கட்டை கட்டி அடைத்திருந்தார்கள். அதனால் வர முடியவில்லை. முகத்தைப் பார்த்தீர்களா என்று மாமியார் கேட்டார். பார்த்தேன் என்றேன். அவர் போனை வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ராஜாதான் வைத்தார். பதினாறாம் நாள் காரியத்தை வீட்டில் நான் மட்டும் செய்தேன். அவர்கள் போனில் பார்த்தார்கள்.

சுடுகாட்டிலிருந்து வந்த மறுநாள் காலை பாய் மோட்டார் போட்டார். தொட்டி நிரம்பியதும் பெட்டி பேசியது. கீழே பாயின் பதில் கேட்கவில்லை. மோட்டார் உடனே நின்றது. பீபி ஜான் அக்கா மாடிப்படியில் பாதி வரை வந்து நின்றுகொண்டு, "தம்பி, அத கழட்டிடலாமா?" என்று கேட்டார். நான் உள்ளே போய்விட்டேன். அதன் பிறகு பல நாட்கள் பெட்டி பேசவில்லை. பேட்டரியை மாற்றினேன், ஒயர் முனையில் பாசி பிடித்ததா என்று பார்த்தேன். பழுது ஒன்றும் இல்லை. பாத்திரம் கழுவும்போது குழாய் பாதியில் நின்றது. அப்போதுதான், எனக்குக் கேட்கக் கூடாது என்று பாய் தொட்டி நிரம்புவதற்கு முன்பே மோட்டாரை நிறுத்தி வருவது தெரிந்தது. அதனால் அவர்கள் வீட்டிலும் தண்ணீர் போதாமல், தெருவில் லாரி வரும்போது குடத்தோடு நின்றிருக்கிறார்கள். நான் கீழே போய், "பாய், ரொம்பட்டும்" என்றேன். சரிப்பா என்றார். மறுநாள் முதல் தொட்டி நிரம்பியது.

அதன் பிறகு ஜூன் கடைசியில் மாமியார் போன் செய்து, சிந்துஜாவின் தலை தீபாவளிப் புடவை, பச்சை நிறம், அதைத் தனக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். கொடுக்கிறேன் என்றேன். அவள் படுத்திருந்தபோது பீரோவைத் திறந்து திறந்து துணி எடுத்ததால், கிருமி ஏதும் இருக்கலாம் என்று, புடவையை மருந்து கலந்த தண்ணீரில் ஊறவைத்து அலசி, நேற்றுக் காலை மொட்டை மாடிக் கொடியில் காயப்போட்டேன். குரங்குகள் துணியைக் கிழிக்கும் என்பதால் மாடிக் கம்பிக் கதவை எப்போதும் பூட்டி வைப்போம். நேற்றும் பூட்டினேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, புடவையைக் கொடுத்தனுப்ப நல்ல பை ஒன்று வாங்க டவுனுக்குப் போனேன். மாமியாரும் ராஜாவும் நேற்றே வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. பஸ் விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, சொல்லாமல் புறப்பட்டு வந்திருக்கிறார்கள்.

நான் இல்லாதபோது நடந்தது பாயும் அக்காவும் சொல்லி எனக்குத் தெரியும். பாய் மோட்டார் போட்டிருந்தார். மாமியாரும் ராஜாவும் கேட்டைத் திறந்து உள்ளே வந்தார்கள். பீபி ஜான் அக்கா மாமியாரைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் அழுதிருக்கிறார்கள். அந்த நேரத்தில் தொட்டி நிரம்பி, மேலே இருந்து "ஏங்க" என்று குரல் வந்தது. மாமியார் கையை உதறிவிட்டு மாடிப்படி ஏறினார். முட்டி வலியால் அவருக்குப் படி ஏறச் சிரமம். அக்கா பின்னாலேயே போய், அது மிசின் என்று சொல்லியிருக்கிறார். மாமியார், "மிசினு வந்து ஏங்கன்னு கூப்புடுமா? எம் பொண்ணு மேலதான் கீறா" என்று சொல்லி, கம்பிக் கதவைப் பிடித்து ஆட்டியிருக்கிறார். கதவு பூட்டியிருந்தது. கம்பி வழியே பார்த்தால் கொடி தெரியும். கொடியில் பச்சைப் புடவை தண்ணீர் சொட்டிக்கொண்டு இருந்தது.

"ராஜா, பொடவ ஈரம் காயலடா" என்று மாமியார் சொன்னதாக அக்கா சொன்னார்.

அதன் பிறகு ராஜா கல்லால் பூட்டை உடைத்தார். மேலே ஆள் யாரும் இல்லை. பக்கத்து மாடிக்குத் தாண்டிப் போயிருப்பாள், அல்லது யாரோ இழுத்துப்போயிருப்பார்கள் என்று ராஜா நினைத்து, காவல்துறைக்குப் போன் செய்தார். பாய் தொட்டிக்குக் கீழே இருந்த பெட்டியைக் காட்டியும் அவர் நம்பவில்லை. அவரைத் தப்பு சொல்ல முடியாது. தன் அக்கா செத்ததை அவர் பார்க்கவில்லை, பேசியதைக் கேட்டார்.

அந்தச் சமயம் நான் வந்து சேர்ந்தேன். மாமியார் மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து என்னைப் பார்த்து, "மாப்ள, சிந்து மேல கீறா, வாங்க" என்றார். பெட்டியைச் செய்தது நான். உள்ளே என்ன இருக்கிறது என்பது என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. இருந்தும் வண்டியை ஸ்டாண்டு போடாமல் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

மேலே போனதும் ராஜா என் சட்டையைப் பிடித்து, "எங்க மாமா எங்க அக்கா?" என்று கேட்டார். பெட்டியைப் பற்றிச் சொன்னேன். அவர் போய் பெட்டியைத் தொட்டிக் கட்டையிலிருந்து பிய்த்து எடுத்தார். ஒயர் அறுந்தது. "இதுவா பேசுது? எங்க, பேசச் சொல்லு" என்று சொல்லி, பெரியதாகத் தெரிந்த சிவப்பு பட்டன் மேல் கட்டை விரலை வைத்தார். நான் இரண்டு கையாலும் அவரைத் தள்ளினேன். அவர் தொட்டியின் சிமெண்டுத் திண்டில் விழுந்ததில் முழங்கையில் சிராய்ப்பு ஏற்பட்டது. பெட்டியும் கீழே விழுந்தது. அவரைக் காயப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. அவர் என் மனைவிக்குத் தம்பி, என்னைவிட வயதில் சின்னவர். அதற்காக அவரிடம் நிலையத்திலேயே வருத்தம் சொன்னேன்.

நான் தள்ளுவதற்கு முன் அவர் விரல் பட்டனை அமுக்கியதா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியவில்லை. அதன் பிறகு காவலர்கள் வந்து, எங்கள் எல்லோரையும் பெட்டியையும் நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். விசாரித்து அனுப்பிவிட்டு, இன்று காலை மறுபடி வரச் சொன்னார்கள். நேற்று இரவு பெட்டி இங்கேதான் இருந்தது.

சிவப்பு பட்டன் வரும் இடம் இதுதான். அய்யா அதை எழுதிக்கொள்ளச் சொன்னார்.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு, பெட்டியை எல்லோர் முன்னிலையிலும் போட்டுக் காட்டும்படி அய்யா சொன்னார். மாமியாரையும் ராஜாவையும் உள்ளே கூப்பிட்டார்கள். பாயும் அக்காவும் வாசலில் நின்றார்கள். நான் உடனே செய்யவில்லை. அறுந்த ஒயரைப் பல்லால் சீவினேன், பேட்டரியைக் கழற்றித் துடைத்தேன், மறுபடி மாட்டினேன். "ஏம்பா, உம்மேல தப்பு இல்லன்னா எதுக்கு இவ்ளோ நேரம்?" என்று அய்யா கேட்டார். தப்பு இருந்ததால் நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. போட்டுப் பார்க்காத வரை குரல் உள்ளே இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். போட்ட பிறகு அப்படி முடியாது. அதை அவரிடம் சொன்னேன். எழுத்தர் டீக்கடை கிளாசில் தண்ணீர் பிடித்துவந்து என் முன்னால் வைத்தார்.

இரண்டு முனைகளையும் தண்ணீரில் விட்டேன். குரல் வந்தது. முழுவதும் இருந்தது. வாசலில் பாய் ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார்.

மாமியார் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாப்ள, அப்ப அவ இல்லியா?"

"இல்ல அத்தை."

"மொகத்த நல்லா பாத்தீங்களா?"

போனில் கேட்டபோது பார்த்தேன் என்று சொல்லியிருந்தேன். காவல் நிலையத்தில் கேட்டதால் மட்டுமல்ல, அவர் நேரில் கேட்டதால், முகக் கண்ணாடி பூத்துப்போயிருந்ததையும் மூச்சை அடக்கிப் பார்த்ததையும் சொன்னேன். பேர்ச்சீட்டைப் படித்ததைச் சொன்னேன். மாமியார் என் கையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார்.

இதுவரை இதை ஏன் செல்போனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளவில்லை, நீ படித்தவன்தானே என்று அய்யா கேட்டார். செய்திருக்கலாம். அது ஒரு நிமிட வேலை. எங்கள் கல்யாண வீடியோவில் முழுக்கப் பாட்டு போட்டுவிட்டதால் அவள் பேசுவது இல்லை. ஊரடங்கில் எப்போதும் ஒரே வீட்டில் இருந்ததால் குரல் மெசேஜ் அனுப்பிக்கொள்ளத் தேவையில்லாமல் போனது. ஆகவே இது ஒன்றுதான் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். போனில் இருந்தால் நினைத்தபோதெல்லாம் அமுக்கிக் கேட்பேன். தொட்டியில் இருந்தால் தண்ணீர் ரொம்பும்போது அவளாகக் கூப்பிடுவாள். நான் எழுந்து போவேன். அதனால் செய்யவில்லை.

அய்யா, அதெல்லாம் சரி, இப்போது பதிந்துகொள்ளுங்கள் என்று ராஜாவிடம் சொன்னார். ராஜா தன் செல்போனைக் கிளாசுக்குப் பக்கத்தில் பிடித்தார். ஃபேன் சத்தம் விழும் என்று எழுத்தர் எழுந்து ஃபேனை நிறுத்தினார். நான் ஒயரை எடுத்துச் சட்டையில் துடைத்து, மறுபடி தண்ணீரில் விட்டேன். போதுமா, இன்னும் பேசணு என்பது வரை வந்து வழக்கம்போல் அறுந்தது. உடனே மாமியார், "பேசும்மா" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. ராஜா செல்போனைப் போட்டுக் கேட்டபோது அதுவும் பதிவாகியிருந்தது. அழித்துவிட்டு வேறு எடுக்கவா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

அதன் பிறகு ராஜா புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுத்தார். புகார் முடிக்கப்படும் வரை பெட்டி நிலையத்தில் இருக்க வேண்டும் என்று அய்யா சொன்னார். சிவப்பு பட்டனின் கம்பிக் காலை வெட்டி எடுத்துவிட அனுமதி கேட்டேன். கைப்பற்றிய பொருளில் மாற்றம் செய்யக் கூடாது என்று மறுத்துவிட்டார். எழுத்தர் பாட்டில் மூடி ஒன்றைப் பட்டன் மேல் கவிழ்த்து, சுற்றிலும் டேப் ஒட்டினார். அதன் மேல், தொடாதே என்று எழுதி, அய்யாவிடம் கையெழுத்து வாங்கினார். பெட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டுவதை நான் பார்த்தேன்.

பெட்டி திரும்பக் கிடைத்ததும் அதை மாமியாரிடம் கொடுத்துவிடலாம் என்று நினைத்து அவரிடம் சொன்னேன். அவர் வீட்டில் மாடித் தொட்டி இல்லை, டிரம்மில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள், டிரம்மில் பொருத்தித் தருகிறேன் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, "அது அங்கயே இருக்கட்டும் மாப்ள. நான் வந்தா கேட்டுக்கறேன். பாய்க்கு தண்ணி வழிஞ்சா யாரு சொல்லுவா?" என்றார். ஆகவே பெட்டியை என்னிடமே திருப்பித் தரக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை தொட்டியைப் பார்த்து மோட்டாரை நிறுத்திக்கொள்வதாகப் பாய் சொல்லியிருக்கிறார்.

நேற்று பூட்டு உடைந்ததில் மாடிக் கதவு திறந்தே கிடந்தது. புடவையைக் குரங்கு தொடவில்லை. பீபி ஜான் அக்கா இன்று வரும்போது அதை மடித்துப் பையில் போட்டு எடுத்துவந்திருந்தார். மாமியார் பையைத் திறந்து, மடிப்புக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. எடுத்துக்கொண்டு போனார்.

எனக்கு யார் மீதும் புகார் இல்லை. ராஜாவைத் தள்ளியதை ஒப்புக்கொள்கிறேன். யாரும் சொல்லிக்கொடுத்தோ பயமுறுத்தியோ நான் இதைச் சொல்லவில்லை. நான் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதி, முழுவதையும் எனக்குப் படித்துக் காட்டினார். என் வார்த்தைகள் மாறவில்லை, நடந்தது இதுவே. இன்னும் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அய்யா கேட்டார்.

போதும் என்றேன்.

(ஒப்பம்) இ. எழில்